பங்களாவுக்குப் போன வயர்

மஞ்சக்கல் தோட்டத்து ஆபீசில் டெலிபோன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனோரஞ்சிதத்துக்கு, தோட்டத்தில் யாருக்கு யாரைப் பிடிக்காது என்பது அத்துபடி. வெளியிலிருந்து வருகிற போன் கோலை எடுத்து, ஃபேக்டரிக்கா டிஸ்பென்சரிக்கா பெரிய கிளாக்கருக்கா என்று கேட்டுக் கொடுத்து விடுவது அவள் வேலை. கொழுந்து பறித்த வேலாயியின் மகள். ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணி ஸ்டாஃப் ஆனதில் அவளுக்குக் கிடைத்த பெரிய லாபம், ஓடு போட்ட குவாட்டர்ஸ். லயத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பிராவில் மாமியாரோடும் இரண்டு கொழுந்தன்மாரோடும் ஒரே அடுப்பைப் பங்கு போட்டவளுக்கு, தனி அடுப்பு என்பது மோட்சத்துக்கு அடுத்த படி. வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். மறுபடி அதே காம்பிரா, அதே மாமியார்.

தொண்ணூற்றொன்பதாம் வருடம் கம்பனிக்கு ஞானம் பிறந்தது. அதுவரை அன்றன்றைய கொழுந்து நிறையை, பெரிய கிளாக்கர் ஜனார்த்தனன் சாயந்தரம் போனைப் பிடித்துக்கொண்டு கொழும்புக்குக் கத்துவார். பக்கத்துத் தோட்டத்துக்கே கேட்கும். இனி அந்தக் கத்தலை ஒரு பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று கொம்பியூட்டரையும் மொடெமையும் அனுப்பி வைத்தார்கள். மொடெமும் கத்தத்தான் செய்தது. பன்றிக்குட்டியைச் சாக்குக்குள் போட்டு இழுத்தது போல கீச்சிட்டு, கொழும்பைப் பிடித்து, கணக்கில் பாதியை அனுப்பிவிட்டு, நாலு மணி தாண்டியதும் பொட்டென்று செத்துப் போகும். தினமும்.

காரணம் ஆபீசில் எல்லோருக்கும் தெரியும். என்றைக்கோ இங்கே மேனேஜராக இருந்த ஒரு துரை, வெளியே பேச ஒப்பரேட்டரிடம் லைன் கேட்பது கௌரவக் குறைவு என்று, போர்டைத் தொடாமல் டெலிபோன் தூணிலிருந்து பங்களாவுக்கு நேராக ஒரு வயர் இழுத்துக்கொண்டார். பங்களாவில் அந்தப் போனை எடுத்தால், ஆபீஸ் பேசிக்கொண்டிருக்கும் லைனுக்குள்ளேயே போய் விழும். இப்போதைய துரையின் மனைவி, துரைசானி, பகல் தூக்கம் கலைந்து, தேத்தண்ணி குடித்து, கண்டியிலுள்ள அக்காவைக் கூப்பிடுவது நாலு மணிக்கு. ஆனால் மஞ்சக்கல்லில் பங்களா தப்பு செய்வதில்லை. பங்களா நாய் கடித்தால்கூடக் காலைத்தான் விசாரிப்பார்கள்.

ஆகவே குற்றவாளியை வேறு இடங்களில் தேடினார்கள். பனி மூட்டம் என்றார்கள். மின்னல் என்றார்கள். வயரில் உரசுகிறது என்று ஒரு மூங்கில் புதரை வெட்டிச் சாய்த்தார்கள். ஜனார்த்தனன் ஒரு வெள்ளிக்கிழமை மொடெமுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அன்றைக்கு அது பொட்டோடு செத்தது.

துரைசானிக்கும் மனக்குறை இருந்தது. பங்களாவிலிருந்து உள் போனில் போர்டைக் கூப்பிட்டாள்.

"மனோரஞ்சிதம், இந்த போன்ல பிசாசு ஒண்ணு கத்துறது. அக்கா பேசுறது கேக்க இல்ல."

"மழைங்க மேடம்."

"மழை இல்லதானே?"

"கொத்மலைப் பக்கம் பெய்யுதுங்க மேடம்."

கொழும்பிலிருந்து கோகுலராஜ் என்ற டெக்னீஷியன் வந்தான். காலையில் சோதித்தான், துரைசானி போனைத் தொடாத நேரம், மொடெம் குழந்தை மாதிரி நடந்துகொண்டது. இரண்டரை மணி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டான். இரண்டாம் முறையும் அதே காலை, அதே பஸ். மிஷின் சுகமாக இருக்கிறது, ஆபீசில் கையாளுகிறவர்களிடம்தான் பிழை என்று கொழும்பில் சொல்லிவிட்டான்.

ஜனார்த்தனன் போர்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"மனோ, கொழும்புல முடிவு பண்ணிட்டாங்க போல. தானா ஓடுற போர்டு வரப்போகுதாம், ஒப்பரேட்டரே தேவயில்லயாம். ஒப்பரேட்டர் கை படுறதாலதான் லைன் அறுந்து போகுதாம்."

"நாலு மணிக்கு என் கையி எங்க இருந்துச்சுன்னு ஐயாவுக்குத் தெரியாதா? ஒங்களுக்குப் பிளேன் டீ ஊத்திக்கிட்டுல்ல இருந்துச்சு!"

"தெரியும் புள்ள. ஆனா தொரகிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதானே பெரிய கிளாக்கர்."

"அதுனாலதான் சொல்லல. சின்னக் கிளாக்கரா இருந்தா ஒருவேள சொல்லியிருப்பேன்." சொல்லிவிட்டுப் பெருமூச்சோடு நகர்ந்தார். கடைசியாக ஒரு தடவை அந்த டெக்னீஷியன் பையன் வந்து பார்ப்பான், அதோடு சரி என்றார்.

மனோரஞ்சிதம் யோசித்தாள். வாயால் சொல்ல முடியாது. காதால் கேட்க வைக்கலாமே. கோகுலராஜ் மூன்றாம் முறை வந்த அன்று, காலையிலேயே ரொட்டி சுட்டு, மிளகாய்க் கட்டச்சம்பல் இடித்து, நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் வைத்துக் கொண்டுவந்தாள். இரண்டு மணிக்கு அவன் பையை மூடும்போது எதிரில் பரப்பினாள்.

"பஸ் போயிருங்கக்கா."

"இந்த ரோட்டுல பஸ் என்னைக்குத் தம்பி நேரத்துக்கு வந்துச்சு? ஒக்காருங்க. கருவாட்ட விட்டுட்டுப் போறவன் நல்ல கதிக்குப் போக மாட்டான்."

நாலாவது ரொட்டியில் பஸ் வளைவில் ஹோர்ன் அடித்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக நேரத்துக்குப் போனது. அவன் எழுந்து ஓடப் பார்த்தான். அடுத்த பஸ் அஞ்சு மணிக்குத்தான் என்று அவள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

நாலு மணி. மொடெம் கீச்சிட்டது, கொழும்பைப் பிடித்தது, செத்தது. கோகுலராஜ் கையைத் துடைத்துக்கொண்டு ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தான். அக்காவின் மகளுக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளையின் வழுக்கையைப் பற்றிச் சிங்களத்தில் விலாவாரியாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. முட்டையை வைக்கிற மாதிரி ரிசீவரை வைத்தான்.

"அக்கா, இது பங்களா..."

"நா ஒண்ணுஞ் சொல்லலியே."

"நானும் சொல்ல மாட்டேன்க்கா. கினிகத்தேனை கடவீதியில, தோட்டங்களுக்கு நடுவுல வளந்தவன். பெரிய எடத்துல கொறைன்னு சொல்லக்கூடாது, தேவைன்னு சொல்லணும்."

அப்படியே துரையிடம் போய்ச் சொன்னான். பங்களாவின் தகவல் தேவை சாதாரண லைனால் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்துவிட்டதாம். புதிதாக வந்திருக்கிற டிஜிட்டல் லைன் ஒன்றை பங்களாவுக்கென்றே தனியாகப் போட்டு, பழைய நேர்வயரை வெட்டிவிடுவதுதான் மரியாதையாம். தன் தேவை உயர்ந்துவிட்டதைக் கேட்ட துரைக்கு முகம் மலர்ந்தது. கொழும்பையே கூப்பிட்டு வாதாடினார். தானாக ஓடும் போர்டுக்கு ஒதுக்கிய பணம் அத்தனையும் பங்களா வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே வயரில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசலாம் என்ற அந்த அதிசய லைனில், துரைசானி ஒருத்தியே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினாள்.

மறுநாளிலிருந்து கொழுந்து நிறை ஒழுங்காகக் கொழும்புக்குப் போனது. துரையின் தூரநோக்கைப் பாராட்டிக் கம்பனி செய்தி அனுப்பியது. "நா அன்னைக்கே நெனச்சேன்," என்றார் ஜனார்த்தனன்.

"நெனச்சதுக்கே இவ்வளவு பலன்னா, ஐயா வாயத் தொறந்திருந்தா தோட்டமே தாங்கியிருக்காது," என்று சொல்லி அவள் அவருக்குப் பிளேன் டீயை ஊற்றினாள்.

தானாக ஓடும் போர்டை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று துரை சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மனோரஞ்சிதம் ஒரு கட்டு லீக்ஸ் நாற்று வாங்கிக்கொண்டு போனாள். குவாட்டர்ஸ் பின்பக்கம் மண்ணைக் கொத்தச் சொன்னதும் புருஷன் லெட்சுமணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"அறுக்கிற வரைக்கும் நம்மள இங்க வச்சிருப்பாங்களா?"

"கம்பனி ஒரு முடிவெடுக்கிறதுக்குள்ள ரெண்டு தடவ அறுக்கலாம். நீங்க கொத்துங்க."