பெட்டியை விட்டுப் பெயரை விற்றவர்

சூடு அறை என்றுதான் அதைச் சொல்வோம். ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளியைத் தாண்டி இருந்த எங்கள் டி.வி. தொழிற்சாலையில், செய்து முடித்த பெட்டிகளை அடுக்கில் ஏற்றி இருபத்துநான்கு மணி நேரம் நிறுத்தாமல் ஓடவிடும் அறை அது. கண்ணுக்கு எட்டிய வரை திரைகள், எல்லாவற்றிலும் அதே வண்ணப் பட்டைகள். மழையில் நனைந்து வரும் பெண்கள் துப்பட்டாவை அங்கேதான் காயவைப்பார்கள். காலையில் சாப்பாட்டு டப்பாவைப் பெட்டியின் தலையில் வைத்தால் மத்தியானம் புளியோதரை வெதுவெதுவென்று இருக்கும். அறைக்குப் பொறுப்பு டெஸ்ட் அக்கா. காக்ஸ் டவுனிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். நாங்கள் நாற்பது பேர் அவருக்குக் கீழே. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வைக்கும் சோதனைச் சீட்டில் அவர் கையெழுத்து விழுந்த பிறகுதான் அதை அட்டைக்குள் அடைப்பார்கள். "கெட்டுப்போறது இங்கயே கெட்டுப்போகட்டும். அவங்க கூடத்துல போய்க் கெட்டா என் தலையில இல்ல விடியும்" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் வெளிநாட்டுக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. அவர்கள் பிக்சர் டியூப் முதல் சிப் வரை சொந்தமாகச் செய்தார்கள். நாங்கள் டியூபை ஓரிடத்தில், சிப்பை வேறிடத்தில் வாங்கி ஒட்டவைத்தோம். தீபாவளிக்குத் தீபாவளி விலை இறங்கியது. கடைக்காரர்கள் எங்கள் பெட்டியைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள். பெயர் பெற்ற கம்பெனிகளெல்லாம் டி.வி.யைக் கைகழுவியதற்கு இதுதான் காரணம் என்று பத்திரிகைகளில் எழுதினார்கள். பொய் இல்லை. ஆனால் அப்படி ஓடிய ஒருவரின் முதுகை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். சண்டை போட்டுத் தோற்றவனைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வரும். எங்கள் ஜி.எம். ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை. களத்துக்கே வராமல் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போன ஆள்.

சோப்பு விற்கும் கம்பெனியிலிருந்து எங்களுக்கு வந்து சேர்ந்தவர் அவர். ஈயம் பற்றவைக்கும் புகைக்கு மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டுதான் பட்டறைக்குள் நடப்பார். ஒரு பெட்டியின் முதுகு மூடியையாவது கழற்றிப் பார்த்திருப்பாரா என்றால், இல்லை. வந்த புதிதில் எங்களைக் கூட்டி வைத்து, "டி.வி. செய்யறது தொழிலே இல்லப்பா. விக்கிறதுதான் தொழில்" என்றார். அடுத்த வருஷம் அதையும் திருத்தினார்: "விக்கிறதும் தொழில் இல்ல. நம்ம பேரு இருக்கு பாருங்க, அதுதான் தொழில்." மனிதர்கள் சொல்வதைச் சேர்த்து வைப்பது என் வழக்கம். இத்தனை வருஷச் சேமிப்பில் இதைவிட வெறுமையான பேச்சு என்னிடம் இல்லை.

முதல் காரியமாகச் சூடு அறையின் ஓட்டத்தை ஒரு மணி நேரமாகக் குறைத்தார். மூன்றாம் மாதத்திலிருந்து பெட்டிகள் திரும்பி வர ஆரம்பித்தன. உடனே இன்னொரு கூட்டம். "பாத்தீங்களா, உங்களுக்கு டி.வி. செய்யவே வரல" என்றார். காலை உடைத்துவிட்டு ஏன் நொண்டுகிறாய் என்று கேட்கும் ரகம்.

பிறகு ஒரு தீபாவளிக்கு முன்னால் வடக்கேயிருந்து லாரி வந்தது. யாரோ எங்கோ செய்த பெட்டிகள். திரைக்குக் கீழே எங்கள் பெயர் மட்டும் பளபளத்தது. அவற்றுக்குள் எங்கள் சோதனைச் சீட்டு வேண்டும், அதில் அக்காவின் கையெழுத்து வேண்டும் என்று உத்தரவு. அக்கா இருபது பெட்டிகளைப் பிரித்துப் பழைய முறைப்படி ஓடவிட்டார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் எட்டில் படம் இரண்டு பக்கமும் சுருங்கி, கதவிடுக்கு வழியாகப் பார்ப்பது போல நடுவில் நின்றது.

ஜி.எம். கைக்குட்டையோடு வந்து பார்த்தார்.

"பிரிக்காததெல்லாம் நல்லாத்தானே இருக்கு?"

"பிரிக்காம எப்படி சார் சொல்றது?"

"மேடம், நீங்க சைன் போட்டா உங்க செக்‌ஷன் இருக்கும். இல்லேன்னா இந்தச் சீட்டே எனக்குத் தேவையில்ல. அப்புறம் நாப்பது பேர் எதுக்கு?"

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். ஸ்டோர்ஸ்காரர் சீட்டுக்கட்டை மேசைமேல் வைத்து, "சும்னே சைன் மாடி மேடம்" என்றார், பேசாமல் போட்டுவிடுங்கள் என்று கன்னடத்தில். அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். அந்த மாதம் என் தங்கைக்கு நிச்சயம் ஆகியிருந்தது. முதலில் வாய் திறந்தவன் நான்தான்.

"போடுங்கக்கா."

போட்டார். கட்டு தீரும்வரை போட்டார். பொங்கல் முடிந்ததும் அந்தப் பெட்டிகள் வரிசையாகத் திரும்பி வந்தன. சித்திரைக்கு முன் சோதனைப் பிரிவை மூடினார்கள். நோட்டீஸ் பலகையில் காரணமும் எழுதியிருந்தது: சோதித்து அனுப்பிய பெட்டிகளிலேயே பழுது. ஆதாரமாக அக்கா கையெழுத்திட்ட சீட்டு ஒன்றைப் பக்கத்தில் குத்தியிருந்தார்கள். அடுத்து பட்டறை போனது. இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. கம்பெனியின் பெயர் இன்னும் கடைகளில் இருக்கிறது, யார் யாரோ செய்யும் மிக்ஸியிலும் இஸ்திரிப் பெட்டியிலும். ஜி.எம். நிர்வாகம் படிக்கிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதாகக் கேள்வி. ஒரு தொழிலை விட்டு எப்போது வெளியேறுவது என்பதுதான் பாடமாம். தெரிந்த ஒன்றைத்தானே சொல்லித் தர முடியும்.

பல வருஷம் கழித்து அக்காவை அல்சூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை என்றார். நான் ஜி.எம்மைத் திட்டத் தொடங்கினேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் மனதில் கிடந்ததைச் சொன்னேன்: "நான் அன்னிக்கு வாயை மூடிட்டு இருந்திருக்கணும்க்கா. நான் சொல்லித்தானே போட்டீங்க."

சிரித்தார். "ஏன்டா, நீ சொன்னா நான் போடுவேனா? நீ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே பேனா மூடியைக் கழட்டிட்டேன். நீ பாக்கல, அவ்ளோதான். எனக்கும் வேலை வேணும் இல்ல?" பஸ் வந்தது. ஏறிக்கொண்டே சொன்னார்: "அந்த ஆளைத் திட்டறப்ப என்னையும் சேத்துத் திட்டு. என்னை மட்டும் விட்டுட்டுத் திட்டாத."

ஜி.எம்மை நினைத்தாலே எனக்கு வசவு தானாக வருகிறது. அதில் என்னையும் சேர்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். அக்கா கேட்டுக்கொண்ட அந்த ஒன்றைத்தான் இன்னும் செய்ய முடியவில்லை.