பெரிய துரை பங்களாவும் சந்தேகக்காரர் தனபாலனும்

தனபாலன் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி பங்களா மேனேஜரிடமிருந்து வந்தது. மகளுக்குச் சேலை எடுக்கப் பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தேன். "நம் பங்களாவின் விலைமதிப்பற்ற சொத்து இன்று நம்மை விட்டுப் பிரிந்தது" என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தார். அழுதேன். கடைக்காரப் பெண் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிப்பதற்குள் சந்தேகம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் அண்ணனுக்கு வேலை கொடுக்காமல் வீட்டில் உட்கார வைத்த மனுஷன் இவர். எப்போதிலிருந்து அண்ணன் சொத்தானார்?

மருத்துவமனையிலிருந்து உடல் வருவதற்கு முன்பே நிர்வாகத்தின் மலர்வளையம் அண்ணனின் வீட்டு வாசலுக்கு வந்து நின்றது. ஆளுயரம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அண்ணன் உயிரோடு இருந்திருந்தால் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "இவ்வளோ பெருசா எதுக்கு? பின்னால எதையோ மறைக்கிறாங்க" என்று சொல்லியிருப்பார்.

அவரை அறியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். செமினி ஊருக்கு உள்ளே ஒரு மேட்டில் நிற்கிறது பெரிய துரை பங்களா. சுற்றியிருந்த பால்மர ரப்பர்த் தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பங்களாவை மட்டும் பழுதுபார்த்து, வெள்ளைக்காரத் துரைமார் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்க்க வாருங்கள் என்று டிக்கெட் போட்டு விற்கிறார்கள். விற்பவள் நான். மக்களை உள்ளே அழைத்துப்போய்க் கதை சொல்லும் கைடு தனபாலன் அண்ணன்.

கைடுகளில் இப்படி ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. நிர்வாகம் எழுதிக் கொடுத்த கதையை ஒரு வரி சொல்வார், அடுத்த வரியில் அதைக் கவிழ்ப்பார். "துரை தொழிலாளிங்கமேல ரொம்பப் பிரியமா இருந்தாராம். யார் சொன்னது? துரையோட பொண்டாட்டி சொன்னது." ஒருநாள் கூடத்துப் பியானோவைக் காட்டி, "இது துரை வாசிச்சதுன்னு சொல்வாங்க, நம்பாதீங்க. போன வருஷந்தான் லோரியில வந்து இறங்குச்சு, நானும் ஒரு கை பிடிச்சேன்" என்றார். பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை.

நானும் வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவள் இல்லை. அண்ணனையே சந்தேகப்பட்டேன். ஒவ்வொரு டூர் தொடங்கும் முன்னும் ஆள் காணாமல் போவார். பங்களாவின் பின்பக்கமிருந்து திரும்பி வரும்போது கூடவே இரண்டு மூன்று பேர் வருவார்கள். டிக்கெட் இல்லாமல் ஆள் ஏற்றுகிறார் என்று முடிவு கட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை கவுண்டரைப் பூட்டிவிட்டு அவர் பின்னாலேயே போனேன்.

குசினி என்கிற சமையலறையின் படிக்கட்டுக்குக் கீழே வயதான கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள். சுங்கை பூலோவிலிருந்து வந்தவர்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார்கள். அந்தம்மாவின் கையில் இருந்தவை சற்று முன் நானே விற்ற டிக்கெட்டுகள்.

"ஆன்டி, இங்க ஏன் நிக்கிறீங்க?" என்று அண்ணன் கேட்டார்.

"பங்களாவுக்கு இந்தப் பக்கமாத்தானேப்பா வரணும்."

"டிக்கெட் யாரு வாங்குனா?"

"நாங்கதான்."

"அப்ப முன்னாடி வாங்க. செருப்பப் போட்டுக்கிட்டே வாங்க."

பெரியவர் அசையவில்லை. "யாரும் ஏதும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்றவங்க எல்லாம் எப்பவோ கப்பல் ஏறிட்டாங்க, அங்கிள்."

அவர்களைப் பின்னால் போகும்படி யாரும் சொல்லவில்லை. அம்புக்குறி கிடையாது, பலகை கிடையாது. மலாய்க்காரர்களும் சீனர்களும் நேராக முன்வாசலுக்கு வருவார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மவர்களுக்கு மட்டும், அதுவும் வயதானவர்களுக்கு, கால் தானாகப் பின்பக்கம் திரும்பும். இவர்கள் இந்தத் தோட்டத்தில் பிறந்தவர்கள்கூட இல்லை, வேறு தோட்டத்தார். பங்களா என்றால் குசினி வாசல் என்று உடம்புக்குள் ஊறிப் போயிருந்தது. அண்ணன் நிதானமாக, ஏதோ பஸ் மாறி ஏறிவிட்டவர்களை இறக்கிவிடுவதுபோல, அவர்களை முன்னால் அழைத்துப் போனார்.

"ஒரு போர்டு வைக்கச் சொல்லலாமே அண்ணே" என்றேன் பிறகு.

"போர்டு பாத்து வர்றவங்க எப்படியும் முன்னாடி வந்துருவாங்கமா. இவங்க ஆள் வந்து கூப்பிட்டாதான் வருவாங்க." என் பக்கம் திரும்பி, "நீ என்னைய சந்தேகப்பட்டுத்தானே பின்னால வந்த? நல்லது. நம்ம ஆளுங்க இந்த வீட்ட சந்தேகப்படாம விட்டதுதான் தப்பு" என்றார்.

யாரோ அந்தக் குசினிப் படிக்கட்டைப் படம் பிடித்து இணையத்தில் போட்டார்கள். நிறையப் பேர் பார்த்தார்கள். உடனே மேனேஜருக்கு ஒரு யோசனை பிறந்தது. 'பின்வாசல் அனுபவம்' என்று ஒரு புது டூர். பார்வையாளர்கள் தலையில் துண்டு கட்டி, பால் வாளி தூக்கி, வேலைக்காரர்களைப் போலக் குசினி வழியாக உள்ளே வரவேண்டும். எங்கள் எல்லாரையும் கூட்டி வைத்துச் சொன்னார்.

"அண்ணே, நீங்கதான் இதுக்குச் சரியான ஆளு. ஒரிஜினலா இருக்கும் லா."

"பாஸ், அங்க நிக்கிறவங்கள முன்னாடி கூட்டிட்டு வர்றதுதான் நான் செய்ற வேலை. திரும்ப அங்கயே நிக்க வைக்கச் சொல்றீங்க."

"சும்மா நடிப்புதானே அண்ணே."

"நடிப்புதானே? அப்ப நீங்க வாளியத் தூக்குங்க, நான் துரையா நிக்கிறேன்."

அடுத்த மாதத்திலிருந்து அண்ணனுக்கு டூர் வரவில்லை. நிறுத்திவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. கூட்டம் குறைவு என்றார்கள். டிக்கெட் விற்பவள் நான். கூட்டம் குறையவில்லை. அண்ணன் தொலைபேசியில் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: "பின்னாடி யாராச்சும் நிக்கிறாங்களா, சரோஜா?" நிற்கிறார்கள், புது டூருக்குக் கூட்டத்தோடு நிற்கிறார்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கவலையோடுதான் அவர் போனார். இதை நான் யாருக்காகவும் மென்று விழுங்கப் போவதில்லை.

சென்ற வாரம் பிரிக்பீல்ட்ஸில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு மேனேஜர் வெள்ளைச் சட்டையில் வந்தார். அதற்கு முன்பே அண்ணனின் மனைவி கமலா அக்கா என்னிடம் கேட்டிருந்தார், "பங்களாவுல அவர் பேர வைக்கப் போறாங்களாம், நல்ல விஷயந்தானே சரோ?"

"எந்த இடத்துலன்னு கேளுங்கக்கா" என்றேன்.

மேனேஜர் மேடையேறி, அண்ணன் பெயரில் ஒரு பலகை வைக்கப்போவதாக அறிவித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கமலா அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"தம்பி, பலகைய எங்க மாட்டுறீங்க?"

"குசினி வாசல்ல, அக்கா. புது டூர் அங்கதானே தொடங்குது. அண்ணனோட இடம் அதானே லா."

"அவர் அங்க ஒருத்தரையும் நிக்க விட்டதில்லையேப்பா. அவர் பேர மட்டும் நிக்க வைக்கணுமா?"

பரிசீலிப்பதாகச் சொல்லிவிட்டு மேனேஜர் சாப்பிடாமலே கிளம்பினார்.

பலகை தயாராகி அலுவலகச் சுவரில் சாய்ந்திருக்கிறது. முன்வாசலில் மாட்டுவோம் என்று இப்போது சொல்கிறார்கள். நான் நம்பவில்லை. ஆணி அடிக்கும் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தினமும் காதைத் தீட்டிக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்த சொத்து அந்தச் சந்தேகம். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.