தாவீதின் படையில் என் மாமனார்

என் மாமனார் வேதாகமத்தில் வரும் எரிகோ கோட்டையை உப்புமாவில் கட்டுவார். தட்டின் நடுவே வட்டமாக மதில் எழுப்பி, சுற்றிலும் சட்னியை அகழியாக விட்டு, ஒற்றைக் கறிவேப்பிலையை இஸ்ரவேல் படையாக ஏழு சுற்று நடத்துவார். கடைசியில் கரண்டியால் ஒரு தட்டு. மதில் விழும். பிறகுதான் சாப்பாடு. கல்யாணமாகி சேலையூர் வீட்டுக்கு வந்த முதல் வாரம் இதைப் பார்த்து, என் உப்புமா அவருக்குப் பிடிக்கவில்லை போலும் என்று பயந்துபோனேன். “பிடிக்கலேன்னா கோட்டை கட்டமாட்டாரு” என்று மாமியார் தேற்றினார்.

அது எழுபதுகளின் தொடக்கம். மாமனார் இரண்டாம் உலகப் போரின்போது பாலஸ்தீனத்திலும் ஈராக்கிலும் இருந்தவர். வேதத்தில் நாங்கள் வாசிக்கிற ஊர்கள் சிலவற்றை ராணுவ லாரியில் கடந்தவர். சபையில் எல்லோருக்கும் அவர் ‘மிலிட்டரி ஐயா’. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அவரைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அசீரியர் மதிலை இடித்த விதம், கிதியோனின் முந்நூறு பேர், பழங்காலப் படைகளில் கவண்காரர்களுக்கென்று இருந்த தனி அணி என்று பேச்சு போகும். “சண்டையில நீங்க சுட்டிருக்கீங்களா ஐயா?” என்று யாராவது கேட்டால், “சுட்டிருக்கேனாவா? காலையில ஆரம்பிச்சா பொழுது சாயுற வரைக்கும் சுட்டுக்கிட்டே இருப்பேன். கை காய்ச்சுப்போயிடும்” என்பார். தாம்பரத்தில் வேலை பார்த்த என் கணவர் இதைத் தன் ஆபீஸ் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்.

எந்தப் போரில் தொடங்கினாலும் மாமனார் சாப்பாட்டில்தான் வந்து நிற்பார். அதை நான் அப்போது வயதானவர்களின் பசி என்று நினைத்தேன். “கோலியாத் நாப்பது நாள் வந்து சவால் விட்டான். நாப்பது நாளும் ரெண்டு படையும் சும்மா நின்னுது. அத்தனை பேருக்கும் யார் சமைச்சா? அதை எந்தப் பிரசங்கியாரும் சொல்றதில்லையே.”

அந்த வருஷம் அறுப்பின் பண்டிகைக்குத் தாவீது–கோலியாத் நாடகம் போடத் தீர்மானித்தார்கள். மிலிட்டரி ஐயா இருக்கும்போது வேறு யாரை இயக்கச் சொல்வது? எங்கள் பகுதித் தபால்காரர் ஆறடிக்கு மேல் இருந்ததால் கோலியாத் ஆனார். எண்ணெய் டின்களை வெட்டி அவருக்குக் கவசம் செய்து கொடுத்தார் மாமனார். அதைப் போட்டுக்கொண்டு அவர் நடந்தால் பாத்திரக்கடை இடம் பெயர்வது போலச் சத்தம் வரும். கோலியாத்தின் படையான பெலிஸ்தியருக்குத் தினமும் அணிவகுப்புப் பயிற்சி நடந்தது. வீட்டில் எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

நாடகத்துக்கு நான்கு நாள் முன்பு, சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர் கீழ்க்கட்டளையிலிருந்து வருகிறார் என்று போதகர் சொல்லி அனுப்பினார். பெயரைக் கேட்டதும் மாமனார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். மறுநாள் காய்ச்சல் என்றார். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். என் நெற்றியை விடக் குளிர்ச்சியாக இருந்தது. “காய்ச்சல் உள்ளே இருக்கும்மா” என்றார். மாமியார் கஞ்சி வைத்துக் கொடுத்தார்.

என்றாலும் தபால்காரருக்குக் கவசத்தை மாட்டிவிட வேறு ஆள் இல்லை. போகத்தான் வேண்டியிருந்தது. மேடையில் மேஜர் மைக் முன்னால் வாழ்த்துரை தொடங்கியபோது, திரையோரமாக டின் ஈட்டியோடு ஒதுங்கி நின்ற மாமனார் அவர் கண்ணில் பட்டுவிட்டார். மேஜர் பேச்சை விட்டார். “என்னய்யா, நீ இங்கேயா இருக்கே?” என்று போய்க் கட்டிக்கொண்டார். பிறகு அவரைக் கையோடு இழுத்து வந்து மைக்கிலேயே சொன்னார். “இந்த மனுஷன் கையால ரொட்டி சாப்பிடாதவன் எங்க படையில கிடையாது. எங்க குக்!”

சபையில் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். மாமனார் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

“மேஜர் சொன்னது நிஜம். நான் சுட்டதெல்லாம் ரொட்டிதான். என்னத்தைச் சுட்டேன்னு நீங்க கேக்கல. நானும் சொல்லல. தெரிஞ்சேதான் சொல்லல, அது என் தப்பு. ஆனா ஒண்ணு. தாவீது போர்க்களத்துக்குச் சண்டை போடவா போனான்? அண்ணன்மாருக்கு அப்பமும் வறுத்த பயறும் கொண்டு போனான். வேதத்தை வாசிச்சுப் பாருங்க. சாப்பாட்டுக்காரனாத்தான் போனான்.”

திரைக்குப் பின்னாலிருந்து டின்கள் குலுங்கும் சத்தம் கேட்டது. தபால்காரர் சிரிப்பை அடக்கப் பார்த்திருக்கிறார்; கவசம் விடவில்லை. அந்தச் சத்தத்தில் சபை முழுவதும் சிரித்தது, பிறகு கை தட்டியது. தாவீதின் கல் படுவதற்கு முன்பே கோலியாத் சிரித்துக்கொண்டே விழுந்தார்.

வீட்டுக்கு வந்தும் என் கணவர் முகம் தெளியவில்லை. “ஆபீஸ்ல நான் என்னன்னு சொல்றது?” என்றார். மாமியார் வேதத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பி அவர் மடியில் வைத்தார். சண்டைக்குப் போனவனுக்கும் மூட்டை முடிச்சுக்குக் காவல் இருந்தவனுக்கும் பங்கு ஒன்றுதான் என்று தாவீது சட்டம் போட்ட இடம் அது. “உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?” என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு முன்னாடியே தெரியும். மிலிட்டரியில இருந்தாலும் குண்டு படாத வேலைன்னுதானே எங்கப்பா சம்மதிச்சாரு.”

மறுநாள் காலை மாமனார் சமையலறைக்கு வந்தார். நான் அறிந்து அதுதான் முதல் தடவை. கோதுமை மாவு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“என்ன மாமா?”

“நாலு பேருக்கு எவ்வளவு மாவு போடணும்மா? இருநூறு பேருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுப் போடுவேன். நாலு பேருக்குச் செஞ்சதே இல்லை.”

நான் சொல்வதற்குள் டப்பாவைக் கவிழ்த்துவிட்டார். அன்று எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் ரொட்டி போனது. மேலே பொரிந்து உள்ளே பஞ்சாக இருந்த அந்த மாதிரி ரொட்டியை, இன்று எங்கள் பக்கத்துக் கேம்ப் ரோடு முழுக்க ஓட்டல்கள் வந்த பிறகும் நான் சாப்பிட்டதில்லை. என் கணவர் ஒரு பெரிய தூக்கில் அடுக்கி ஆபீசுக்கு எடுத்துப் போனார். அங்கே என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. சாயங்காலம் தூக்கு காலியாக வந்தது. நாளைக்கு இன்னும் பத்து சேர்த்து வேண்டும் என்று தன் அப்பாவிடம் அவரே போய்ச் சொன்னார்.