ஆறாவது ஏலப்பூ

எங்கள் அண்ணன் ராசிங்காபுரத்தில் பிறந்து, போடியில் வளர்ந்து, மலைச்சரிவெல்லாம் நண்பர்களைச் சம்பாதித்து, ஐம்பத்திரண்டு வயதில் சொல்லாமல் கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார். ஓராண்டு நிறைவுக்கு வந்து இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் செய்த தொழில் என்னவென்று இன்னும் சரியாகத் தெரியாது. தங்கை நான் சொல்கிறேன்.

மேசையில் பந்தை இடித்து ஆடும் பில்லியர்ட்ஸ் விளையாட்டுக்கு நீளமான கோல் உண்டு. ஆர்டர் கொடுத்துச் செய்து முடித்த கோலின் பிடியில் குழி தோண்டி, சிப்பியும் பித்தளையும் பதித்துப் பூ வேலை செய்வதுதான் அண்ணனின் தொழில். அப்பா போன பிறகு படிப்பை விட்டு, போடிமெட்டு ஏறி எஸ்டேட் பங்களாக்களில் நாற்காலி பழுது பார்த்தவர், அங்கேதான் இந்தக் கோல்களைக் கண்டார். மதினியைப் பெண் கேட்கப் போனபோது, "மாப்ளைக்கு என்ன சோலி?" என்றார்கள். "கம்புக்குப் பூ வைக்கிறேன்" என்றார் அண்ணன். அதற்கும் பெண் கொடுத்தார்களே, அந்தக் குடும்பத்துக்கு முதல் நன்றி.

வேலையில் கறார். முதலில் கோலை ஒற்றை விரலில் நிறுத்தி, சாயாமல் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுவார். பூ வைத்த பிறகும் அதே கோட்டில் நிற்க வேண்டும், இல்லையென்றால் பிரித்துவிடுவார். சொன்ன தேதியும் தவறமாட்டார். மதினி வாங்கிவரச் சொன்ன சாமான்களுக்கு மட்டும் அந்த விதி கிடையாது.

அவர் மறைந்தபோது பட்டறையில் ஒரு கோல் இருந்தது. மலைமேல் விடுதி நடத்தும் மலையாளத்துச் சேட்டனுடையது. ஆறு ஏலப்பூவில் ஐந்து முடிந்திருந்தன; ஆறாவதற்குக் குழி பாதி தோண்டியபடி கிடந்தது. அடுத்த வாரம் அவருக்குக் கொச்சியில் போட்டி. கருமாதி முடியாமல் துட்டி வீட்டில் வேலையைத் தொடக்கூடாது என்றார்கள் பெரியவர்கள். மதினி என்னைத் தனியே கூப்பிட்டார். "உங்க அண்ணன் குடுத்த வாக்கு. நீதான சிப்பி அறுத்துக் குடுப்ப? மிச்சத்தையும் வெரசாப் பாரு."

சிப்பி அறுத்ததுண்டு, அடுத்தவர் கோலில் கை வைத்ததில்லை. குழி கொஞ்சம் கூடினாலும் கோல் வீண், அண்ணன் பெயரும் கெடும். ஏழாம் நாள் காலை மிஷினை ஓடவிட்டேன். என்ன சத்தம் என்று கேட்ட உங்களிடம், "தண்ணி மோட்டார் ரிப்பேரு" என்று கூசாமல் சொன்னார் சின்ன மாமா. அவருக்கும் நன்றி.

ஒட்டிய பூ காய்ந்ததும் கோலை விரலில் நிறுத்தினேன். அதே கோட்டில் நின்றது. அழுதுவிட்டேன். அம்மா வந்து பார்த்தார். நாற்பது வருடம் ஏலக்காய் பறித்தவர். "ஏத்தா, இந்தப் பூவு தலைகீழால்ல இருக்கு" என்றார்.

பிரித்து ஒட்ட நாளில்லை. மறுநாள் ஜீப்பில் போய்ச் சேட்டனிடம் உள்ளதைச் சொல்லிக் கோலைக் கொடுத்தேன். அவர் அந்தப் பூவைக் கட்டைவிரலால் தடவினார். "அஞ்சு அண்ணனோடது, ஒண்ணு தங்கச்சியோடது. மாத்த வேண்டா" என்றார். போட்டியில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றார். கோலில் குறையில்லை, ஆட்டம்தான் போதவில்லை என்று அவரே சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு விரட்டிப்போன ஜீப்புக்காரர், பதினாறு நாளும் சோறு பொங்கிப் போட்ட பக்கத்து வீட்டார், தோள் கொடுத்த பொட்டிபுரம் உறவுகள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. சேட்டனுக்கும்தான். போன மாதம் அவர் இன்னொரு கோலோடு வந்து, "இதுல ஆறும் தங்கச்சியே வைக்கட்டும்" என்றார்.

ஆறையும் வைத்துவிட்டேன். எல்லாம் நேராக இருக்கின்றன. அண்ணே, நீங்க இருந்து பாத்திருக்கலாம்.