ஆயுதப் பெட்டியின் கயிறு

அந்த மாதம் முழுக்க எங்கள் கட்டடத்துப் பிள்ளைகளுக்குப் பாராசூட் பயம். பக்கத்து நாடொன்றில் சண்டை தொடங்கியிருந்தது. துபாய்க்கு ஒன்றும் ஆகாது என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டே மூட்டை மூட்டையாக அரிசி வாங்கி அடுக்கினார்கள். ஒன்றும் ஆகாதென்றால் அரிசி எதற்கு என்று கேட்க எங்களுக்குத் துணிச்சல் இல்லை. முழுப் பரீட்சை முடிந்து அடுத்த வகுப்பு தொடங்காத இடைவெளி அது. பயப்படுவதற்கு நேரம் நிறைய இருந்தது.

இரண்டாம் மாடியில் ஒரு கீழக்கரைக் குடும்பம். அந்த வீட்டு அக்கா ஏழாம் வகுப்பு என்பதால் யுத்தச் செய்திகளை எங்களுக்கு வழங்கும் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். விமானத்திலிருந்து சிப்பாய்கள் குதிப்பார்களாம். இறங்கும்போதே இரண்டு கையாலும் சுட்டுக்கொண்டு வருவார்களாம். தொடையில் ஒரு கத்தி இருக்குமாம், அது கழுத்தை அறுக்க. முதலில் மொட்டைமாடியில்தான் கால் வைப்பார்கள் என்று அவள் சொன்னபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அல் குசைஸ் பகுதியில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு ஐந்து மாடி. ஐந்தாவதில் நாங்கள். எங்களுக்கு மேலே தண்ணீர்த் தொட்டியும் டிஷ் ஆண்டெனாவும்தான். எனக்கு எட்டு வயது.

நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. காய்ச்சலோ என்று அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விஷயத்தை என்னிடமிருந்து கறந்தது மாமாதான். அம்மாவின் தம்பி. திருநெல்வேலியிலிருந்து விசிட் விசாவில் வேலை தேடி வந்து எங்கள் ஹாலில் படுத்திருந்தவர். காலையில் பயோடேட்டாவோடு வெளியே போவார், மற்ற நேரமெல்லாம் யுத்தப் புத்தகம் படிப்பார். வேலை கிடைக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பது அப்பாவின் கட்சி.

"யாருட்டி சொன்னா, சுட்டுக்கிட்டே வருவான்னு? ஊஞ்சல்ல ஆடுத மாதிரி ஆடிக்கிட்டு வாரவன் எப்படிட்டி குறி பாப்பான்?"

ஒரு பயோடேட்டாவைத் திருப்பிப் போட்டு நடுவில் கோடு கிழித்தார். ஒரு பக்கம் பொய், மறுபக்கம் நிஜம். கத்தி கழுத்தறுக்க என்பது பொய். மரத்திலோ கம்பத்திலோ பாராசூட் சிக்கினால் கயிற்றை அறுத்துக்கொண்டு இறங்கத்தான் கத்தி. துப்பாக்கியோடு குதிப்பார்கள் என்பதும் எல்லா இடத்திலும் நிஜமில்லை. பழைய பெரிய யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாய் இடுப்பில் ஒரு சின்னக் கைத்துப்பாக்கியோடு குதித்தான். பெரிய துப்பாக்கிகள் தனிப் பெட்டியில், தனிப் பாராசூட்டில் இறங்கின.

"அந்தப் பெட்டிகிட்ட போய்ச் சேருததுக்குள்ள நெறையப் பேரு செத்தான். பெட்டி கைக்கு வராதவரைக்கும் அவனும் நம்மள மாதிரிதான். இப்பம் பயம் போச்சா?"

போச்சு என்றேன். அன்று இரண்டு தோசை தின்றேன். பயம் எங்கேயும் போகவில்லை. ஆனால் பெட்டியை அவனிடம் போய்ச் சேரவிடக் கூடாது என்ற ஒரு விவரம் எனக்குப் பிடிபட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்து, காலை பதினொரு மணி இருக்கும். அப்பா ஆபீசில். அம்மா சூப்பர் மார்க்கெட்டுக்குப் பால் பவுடர் வாங்கப் போயிருந்தாள். மாமா குளித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே தடதடவென்று நடக்கும் சத்தம் கேட்டது. பிறகு எதையோ இழுக்கும் சத்தம். நான் சோபாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஹால் ஜன்னலுக்கு வெளியே முதலில் இரண்டு பூட்ஸ் இறங்கின. பிறகு இடுப்பு வார், வாரில் ஒரு கத்தி. பிறகு நெஞ்சைச் சுற்றிய பட்டைகள். கையில் விசை வைத்த துப்பாக்கி. கடைசியாக ஹெல்மெட்.

வெயிலுக்காக ஜன்னலில் ஒட்டிய கறுப்புத்தாள் வெளியிலிருந்து உள்ளே காட்டாது என்பதால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவரை நன்றாகத் தெரிந்தது. அவர் ஆடி ஆடிக் கீழே போனார். ஜன்னலுக்கு வெளியே இரண்டு கயிறுகள் மட்டும் நின்றன. ஒன்று தடித்தது, ஒன்று மெல்லியது.

குளியலறைக் கதவைத் தட்டினேன். "வாரேன்ட்டி, வாரேன்" என்றார் மாமா. தண்ணீர் ஓடுகிற சத்தம் நிற்கவில்லை.

நானே யோசிக்க வேண்டியதாயிற்று. கையில் இருப்பது சின்னத் துப்பாக்கி. பெரியவை பெட்டியில் வருகின்றன. துப்பாக்கி நிறைந்த பெட்டி கனமாக இருக்கும். கனமான பெட்டிக்குத்தான் தடித்த கயிறு. மெல்லிய கயிறு ஆளுக்கு. இன்றுவரை என் வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக நான் எதையும் யோசித்ததில்லை.

சமையலறையில் தக்காளி நறுக்கும் பல்லு வைத்த கத்தி இருந்தது. திறக்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்த ஜன்னலைத் தள்ளித் திறந்து, சோபாவின் கைப்பிடியில் ஏறி, தடித்த கயிற்றை இழுத்துப் பிடித்து அறுக்க ஆரம்பித்தேன். கவுன் நனைந்துவிட்டது. "மாமா, மாமா" என்று அழுதுகொண்டே அறுத்தேன். உள்ளிழைகள் ஒவ்வொன்றாகப் பட் பட்டென்று தெறித்தன.

கீழே ஹெல்மெட் நிமிர்ந்தது. மீசை வைத்த ஒரு முகம். அவர் கத்தவில்லை.

"பாப்பா," என்றார் மிக மெதுவாக. "கத்தியை வீட்டுக்குள்ள போட்டுடும்மா. நல்ல புள்ளல்ல."

எதிரிக்குத் தமிழ் தெரியும் என்று எந்தப் பக்கத்திலும் மாமா எழுதவில்லை. நான் அப்படியே நின்றுவிட்டேன்.

மாமா தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு ஓடிவந்தார். என்னைப் பிடுங்கி உள்ளே எறிந்தார். கயிற்றைப் பார்த்தார். பாதிக்கு மேல் போயிருந்தது. மாமாவின் முகம் அப்படி வெளுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"எவ்ளோ சார் அறுந்திருக்கு?" என்று கீழேயிருந்து கேட்டார் அவர்.

"கொஞ்சந்தாண்ணே. லேசாத்தான்."

பொய்க்கும் நிஜத்துக்கும் கோடு கிழித்துக் கொடுத்த மாமா கண் இமைக்காமல் சொன்னார். சொல்லிக்கொண்டே, அறுந்த இடத்துக்கு மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாகக் கயிற்றைப் பற்றி, காலைச் சுவரில் முட்டுக் கொடுத்து இழுத்துப் பிடித்தார். கீழே அவர் தொங்கியது நாலாம் மாடிக்கு நேரே. அந்த வீட்டுக்காரர்கள் சண்டைக்குப் பயந்து ஊருக்குப் போய்விட்டார்கள். அவர்கள் ஜன்னலைத் திறக்க ஆள் இல்லை. மாமா மொட்டைமாடியைப் பார்த்துக் கத்த வாயெடுத்தார்.

"சத்தம் போடாதீங்க சார். கீழ ஃபோர்மேன் நிக்கிறாரு. நான் எறங்கிடுறேன்."

அவர் ஒவ்வொரு சாணாக இறங்கினார். மாமா கையில் கயிறு பதிந்து ரத்தம் கசிந்தது. சோப்பு கண்ணில் வழிந்தும் துடைக்கவில்லை. "நான் புடிச்சிருக்கேண்ணே, நான் புடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் தரையைத் தொட்டுக் கயிறு தொய்ந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கயிற்றில் தொங்கியவர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். அதற்குள் அம்மா வந்து, கேட்டு, என்னை அடித்து, தானும் அழுது முடித்திருந்தாள். அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை, நின்றபடியே தண்ணீர் குடித்தார். ஊர் விழுப்புரம் பக்கம் என்றார். கையில் இருந்த துப்பாக்கியை என்னிடம் காட்டினார்.

"இது பசை பாப்பா. ஜன்னல் ஓரத்துல பூசறது. சுடாது. சின்னக் கயித்துல என் வாளி தொங்குது, பெரிய கயித்துல நான். எதுக்கும்மா அறுத்த?"

பெட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார்.

"பாதுகாப்புக்கு ரெண்டாவது கயிறு ஒண்ணு கட்டணும்லாண்ணே?" என்றார் மாமா.

"கம்பெனி குடுத்தாத்தான சார் கட்டறதுக்கு. இத நீங்க வெளிய சொல்லிடாதீங்க. கட்டாம எறங்கினன்னு என்னையத்தான் ஊருக்கு அனுப்புவாங்க."

மாமா சரி என்று தலையாட்டினார். அம்மா சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அவர் போகும்போது என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு நாள் கழித்து மாமாவோடு கடைக்குப் போனேன். எதிர்க் கட்டடத்தில் அந்த விழுப்புரத்துக்காரர் தொங்கிக்கொண்டிருந்தார். அவருக்கு மேலே, அதே தடித்த கயிற்றில், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் ஒன்றையும் கெடுத்துவிடவில்லை, எல்லாம் சரியாகிவிட்டது. "மாமா, கயித்த ஒட்டிட்டாங்க" என்று குதித்தேன்.

மாமா அந்த வெயிலில், நடைபாதையில், அண்ணாந்தபடியே நின்றார். கட்டுப் போட்ட கையால் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். வலிக்கிறது என்றேன். கடைக்குப் போகலாம் என்றேன். மேலே தொங்கியவர் கால் தரையில் படும்வரை மாமா நகரவும் இல்லை, பிடியைத் தளர்த்தவும் இல்லை. பயந்தாங்கொள்ளி மாமா என்று அம்மாவிடம் போய்ச் சொன்னேன்.