அழைப்பில் நான் எழுதாத சொல்

பழ ஒயின் ஆராய்ச்சியில் கண்டுபிடிப்பதை விவசாயிகளிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், அவர்களுக்குப் பயிற்சி ஏற்பாடு செய்வதும்தான் குன்னூரில் எனக்கு வேலை. சேர்ந்த புதிதில் அரவேணு என்ற ஊரில் முதல் பயிற்சி வைத்தேன். அழைப்பில் ‘பிளம்ஸ் பழத்தை மதிப்புக் கூட்டும் பயிற்சி’ என்று மட்டும் போட்டேன். ஒயின் என்று எழுதினால் பெண்கள் வரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அதைச் சாமர்த்தியம் என்றே அப்போது நினைத்தேன்.

அந்த ஊரில் ஓர் அக்காவை நானே வீட்டுக்குப் போய் அழைத்தேன். ஐம்பது வயதிருக்கும். சின்னத் தேயிலைத் தோட்டம், அதன் ஓரமாகப் பிளம்ஸ் மரங்கள்.

“ஜாம் போடறதுங்களா?” என்று கேட்டார்.

“அது மாதிரிதானுங்க அக்கா.”

பயிற்சியன்று ஒரு கூடை நிறையப் பழத்தோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். அடிபடாத பழமாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார். பயிற்சியாளருக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பழங்களையே பிசைந்து, சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துக் காட்டினார். பிறகு, ஒரு வாரம் முன்பே ஊறவைத்திருந்த ஜாடியைத் திறந்தார். புளித்த வாடை அறை முழுக்கப் பரவியது.

அக்கா எழுந்து நின்றார். “இது சாராயமுங்களா?”

“இல்லைம்மா, பழ ஒயின்” என்றார் பயிற்சியாளர்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். என்னால் தலையை நிமிர்த்த முடியவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காலிக் கூடையோடு வெளியே போய்விட்டார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: “ஊட்டுக்காரர் குடிச்சே போய்ட்டாருங்க. கடைசி மூணு மாசம் ஆஸ்பத்திரியில இவங்கதான் பாத்தாங்க.”

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

“மன்னிச்சிருங்க அக்கா. வேணும்னேதான் எழுதாம விட்டேன்.”

“தெரியுமுங்க. எழுதியிருந்தா நான் வந்திருக்க மாட்டேன்.”

“ஆமாங்க.”

பறித்த கொழுந்தை முதுகுக் கூடையில் போட்டார். பிறகு சொன்னார்: “செய்யறவங்க செய்யட்டும், அது உங்க வேலை. ஆனா எம் பழத்தை எங் கையாலயே கொண்டாந்து குடுக்க வெச்சிட்டீங்களே.”

அவர் பறித்துக்கொண்டிருந்த செடி வரிசை முடியும் வரை நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நானாகவே கிளம்பினேன்.

அடுத்த அழைப்பில் ஒயின் என்று முதல் வரியிலேயே எழுதினேன். “இப்படிப் போட்டா யாரும்மா வருவாங்க?” என்றார் என் மேலதிகாரி. சொன்னபடியே பாதி நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. வந்தவர்கள் தெரிந்தே வந்திருந்தார்கள். அவர்களில் சிலருக்கு இன்று பழம் மரத்தடியில் அழுகுவதில்லை. அதில் எனக்கு நிறைவுதான். மேலதிகாரியிடம் நான் விடாமல் கேட்டு, மறு வருஷம் ஜாம் பயிற்சியும் தனியாக வைத்தோம். அக்காவுக்கு நானே தகவல் சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை.

இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் இன்ன பயிற்சி என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறேன். “எங்க ஊட்டுக்கு அது வேண்டாமுங்க” என்று சிலர் சொல்வார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. டீ கொடுத்தால் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கிறேன்.