தரங்கம்பாடிக்குப் போன மெய்ப்புத்தாள்

காலை எட்டேகாலுக்கு மயிலாடுதுறையில் பேருந்து ஏறினேன். தரங்கம்பாடிக்கு முப்பது கிலோமீட்டர், கட்டணம் ஆறு ரூபாய். மடியில் ஒரு புத்தகத்தின் மெய்ப்புத்தாள், அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் பிரதி. சென்னைப் பதிப்பகம் ஒன்றில் நான் பிழை திருத்துபவன். மொழிபெயர்த்தவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவு ரயிலைப் பிடித்தால் புத்தகக் கண்காட்சிக்குள் அச்சாகிவிடும். தபாலை நம்ப முடியவில்லை. ஊரையும் பார்த்த மாதிரி ஆகும் என்று நானே கிளம்பிவிட்டேன்.

செம்பனார்கோயில் தாண்டியதும் இருபுறமும் சம்பா கதிர்விட்டு நின்றது. பக்கத்தில் இருந்தவர் கையில் பாஸ்போர்ட் விண்ணப்பம். "தம்பிக்குத் துபாய்ங்க. நிலத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். நான் யாரைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும், "ஜெர்மன் டீச்சரா? கோட்டைக்குப் போற வழியில யாரை வேணா கேளுங்க" என்றார்.

ஒன்பதே முக்காலுக்கு வீட்டைக் கண்டுபிடித்தேன். ஷமீமா பேகம் கணவரோடு எட்டு ஆண்டு ஜெர்மனியில் இருந்து திரும்பியவர். வெளிநாடு போகும் நர்ஸுகளுக்கும் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கும் முன்னறையில் ஜெர்மன் சொல்லித் தருகிறார். மூன்று ஆண்டு உழைத்து இந்தப் புத்தகத்தைத் தமிழில் கொண்டுவந்திருந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நடந்த ஒரு பேரத்தின் கதை அது. சோவியத்துக்குப் பயந்த மேற்கு நாடுகளுக்கு ஜெர்மன் படை தேவைப்பட்டது. படை வேண்டுமானால் சிறையில் இருக்கும் எங்கள் ஆட்களை விடுங்கள் என்றது ஜெர்மன் தரப்பு.

தேநீர் வந்தது. நான் பெருமையாக ஆரம்பித்தேன். "மேடம், சிறையில இருக்கற அந்த ஆளுங்களையே மூணு விதமான பேர்ல எழுதியிருந்தீங்க. எல்லாத்தையும் 'போர்க்கைதிகள்'னு ஒண்ணாக்கிட்டேன். இப்ப சீரா இருக்கு."

பத்துப் பக்கம் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றினார். "சார், நீங்க பேச்சுவார்த்தையையே அடிச்சிட்டீங்க."

எனக்குப் புரியவில்லை.

"மேற்கு நாட்டுக்காரங்க 'போர்க்குற்றவாளி'ங்கறாங்க. ஜெர்மன் அதிகாரிங்க அந்த வார்த்தையை வாயில எடுக்க மாட்டாங்க. 'தண்டனை பெற்றவர்'னுதான் சொல்வாங்க. குத்தம் பண்ணினான்னு ஒத்துக்கல, பாருங்க. அவங்க ஜனங்க 'கைதி'ம்பாங்க, பாவம் மாட்டிக்கிட்டவன் மாதிரி. பேர் மாறிட்டா ஆளை விட்டுடலாம். இவங்க கையால செத்தவங்களுக்கு அந்தப் பேச்சுவார்த்தை மேசையில நாற்காலி கிடையாது சார். 'குற்றவாளி'ங்கற அந்த ஒரு சொல்லுதான் இருக்கு."

என் முகம் சுண்டிப்போனது. கண்ணுக்கு எதிரே இருந்ததைச் சீர் என்ற பெயரில் நானே துடைத்துவிட்டிருந்தேன். எல்லாவற்றையும் பழையபடி ஆக்கி மறுபடி அச்சுக்கோக்க வாரக்கணக்காகும், கண்காட்சிக்குப் புத்தகம் வராது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கண்காட்சியில் நடக்கவிருந்த வெளியீட்டுக்கு வர அவருடைய மாணவிகள் சென்னைக்கு வேன் பேசி வைத்திருந்தார்கள்.

"வேனை வேண்டாம்னு சொல்லிடறேன். புத்தகம் மெதுவா வரட்டும், சரியா வரட்டும்" என்றார். குரலில் வருத்தம் இருந்தது, தடுமாற்றம் இல்லை. அந்த நிமிஷம் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

மதியம் சோறும் வஞ்சிரக் குழம்பும் அவர் வீட்டில்தான். சாப்பாட்டு மேசையிலேயே அவருடைய கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் திருப்பிப் போட்டேன். முன்னறையில் மாணவிகள் ஜெர்மன் வினைச்சொற்களை ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மூன்று மணி நேரத்தில் பதினைந்து பக்கம்கூட முடியவில்லை. அலுவலகத்தில் ஒரே நாளில் நூறு பக்கம் தள்ளுகிறவன் நான். அந்த வேகத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருந்தது.

நாலரைக்கு விடைபெற்றேன். டேனிஷ் கோட்டையை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்தில் முதலாளிக்குப் போன் போட்டேன். சொல்ல வேண்டியதை வழியிலேயே யோசித்து வைத்திருந்தேன்: 'சில சொற்களில் தவறு நேர்ந்துவிட்டது.' நல்ல வாக்கியம்தான். அதில் தவறு செய்த ஆள் யாரும் இல்லை.

"என்னய்யா, அந்தம்மா தப்பா எழுதிடுச்சா?" என்றார் முதலாளி.

"அவங்க எழுதினது சரி சார். தப்பு பண்ணினது நான்."